உங்களுக்குத் தெரியுமா? நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு

காலை ஒன்பது மணிக்கு சிக்னலில் நிற்கும்போது நம் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "எங்கிருந்துதான் இத்தனை வண்டி வருது?" அதே கேள்வியை, கையில் கேமராவும் காகிதமுமாக நின்று, ஆத்திரப்படாமல் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய தொண்ணூறு வருடமாக அவர்கள் போட்டுவரும் கணக்கில் கிடைத்த விடைகள் பல, நாம் சாலையில் நின்று நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கின்றன. அவற்றில் சில இங்கே.

● ஒரே எண், இரண்டு நிலைமை

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரம் ஒரு மூவி கேமராவை நிறுத்தி, சீரான இடைவெளியில் படம் எடுத்தார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். படத்தில் எத்தனை கார் என்று எண்ணினால் அடர்த்தி தெரிந்துவிடும். 1935-ல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: சாலையில் வண்டி கூடக் கூட வேகம் ஒரே சீராக, நேர்கோடு போட்டதுபோல் இறங்குகிறது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலியான சாலையில் கார் மணிக்கு 80 கி.மீ. போகும், கிலோமீட்டருக்கு 120 கார் சேர்ந்துவிட்டால் எதுவும் நகராது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 30 கார் இருந்தால் வேகம் 60. இரண்டையும் பெருக்கினால், மணிக்கு 1,800 கார் உங்களைக் கடக்கும். கிலோமீட்டருக்கு 90 கார் இருந்தால் வேகம் 20. பெருக்கிப் பாருங்கள், அதே 1,800!

முதல் சாலையில் போகிறவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார். இரண்டாவது சாலையில் போகிறவர் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலியோடு போகிறார். ஓரத்தில் நின்று எண்ணுகிறவர் தாளில் மட்டும் இரண்டும் ஒன்று. ஆகவே "இந்தச் சாலையில் மணிக்கு இத்தனை வண்டி போகிறது" என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "எந்த வேகத்தில்?" என்று கேளுங்கள்.

இந்தச் சாலை அதிகமான வண்டிகளைக் கடத்துவது 40 கி.மீ. வேகத்தில், மணிக்கு 2,400 கார். பறக்கும்போது அல்ல. பிற்காலத்து அளவீடுகள் கிரீன்ஷீல்ட்ஸின் நேர்கோட்டை வளைத்துத் திருத்தியிருக்கின்றன. நடுவில் ஓர் உச்சம், இரு பக்கமும் சரிவு என்ற வடிவம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

● நிறுத்தி அனுப்பினால் அதிகம் போகும்

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது ஹாலண்ட் சுரங்கச் சாலை. அதில் வண்டிகளை வந்தபடி உள்ளே விட்டபோது ஒரு தடத்தில் மணிக்கு 1,176 கார் கடந்தது. பிறகு வாசலில் நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு 44 காருக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்று கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். கடந்தது 1,320 கார்! காக்க வைத்ததால் எண்ணிக்கை கூடியது.

வீட்டில் புனல் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் அரிசியை மொத்தமாகக் கொட்டினால் குழாய் வாயில் மணிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். விரலால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். அதே அரிசியைச் சிறுகச் சிறுகச் சரித்தால் சரசரவென்று இறங்கும். நான் இதை அடுப்படியில் நின்று, கையில் கடிகாரத்தோடு செய்து பார்த்தேன். மெதுவாகச் சரித்த அரிசிதான் ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கி முடிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறை, தன் மக்களுக்கு நெரிசலை விளக்கியதும் புனலையும் அரிசியையும் வைத்துத்தான்.

இதே யுக்தியில் மினியாபோலிஸ் நகரத்து விரைவுச் சாலைகளின் நுழைவுகளில் சிக்னல் வைத்திருந்தார்கள். "வீணாகக் காக்க வைக்கிறார்கள்" என்று மக்கள் முணுமுணுக்க, 2000-ல் சட்டமன்றமே தலையிட்டு, சில வாரங்களுக்கு அத்தனையையும் அணைத்துப் பார்க்கச் சொன்னது. பயண நேரம் 22 சதவீதம் கூடியது. விபத்துகள் 26 சதவீதம் கூடின. கடந்த வண்டிகள் மட்டும் 9 சதவீதம் குறைந்தன.

● வெள்ளத்தைப் படித்தவர் சாலைக்கு வந்தார்

1955-ல் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விதம் என்ற இரண்டு பிரிட்டிஷ் கணிதவியலாளர்கள் ராயல் சொசைட்டி இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். முதல் கட்டுரை, நீண்ட ஆற்றில் வெள்ளம் எப்படி இறங்கி வருகிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது, அதே சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, நெரிசலான சாலையில் வண்டிகள் எப்படி நகர்கின்றன என்று பார்த்தது. அடுத்த வருடமே அமெரிக்காவில் பால் ரிச்சர்ட்ஸ், அவர்களைச் சாராமலேயே இதே முடிவுக்கு வந்தார். மூவர் பெயரிலும்தான் இன்று அந்தக் கணித மாதிரி வழங்குகிறது.

அது சொல்லும் முக்கியமான செய்தி: வண்டிகள் முன்னால் போகும், நெரிசல் பின்னால் நகரும். சிக்னலில் பச்சை விழுந்ததும் கவனியுங்கள். முதல் வண்டி உடனே கிளம்பும். பத்தாவது வண்டிக்காரர் பச்சையைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிப்பார். அவருக்கு முன்னால் இருக்கிறவரும் ஹாரன் அடிப்பார். கிளம்புதல் என்பது ஓர் அலை. அது வரிசையின் தலையிலிருந்து வாலுக்கு ஒவ்வொரு வண்டியாகத்தான் வந்து சேரும். அலை வரும்வரை ஹாரனால் வண்டி ஒரு அங்குலமும் நகராது. நெடுஞ்சாலையில் இப்படிப் பின்னோக்கிப் போகும் நெரிசல் அலையின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 20 கி.மீ.

● காரணமே இல்லாமல் வரும் நெரிசல்

விபத்து இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் நின்று நின்று போகிறோம். ஏன்?

ஜப்பானில் யூக்கி சுகியாமா தலைமையிலான இயற்பியலாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதை ஒன்றை அமைத்து, அதில் 22 கார்களை விட்டார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராகச் சுற்றுங்கள் என்பதுதான் ஓட்டுநர்களுக்குச் சொன்னது. கொஞ்ச நேரம் சீராகத்தான் சுற்றினார்கள். பிறகு ஒருவர் லேசாகக் காலை எடுத்தார். பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக பிரேக்கை மிதித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதைவிடக் கூடுதலாக. கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றே போயின. அந்த நிற்கும் கும்பல் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வட்டத்தைப் பின்புறமாகச் சுற்றிவந்தது. 2008-ல் வெளியான இந்தச் சோதனையின் வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குற்றவாளி என்று எந்த ஒரு ஓட்டுநரையும் காட்ட முடியாது.

பின்னாளில் அமெரிக்காவின் அரிசோனாவில் இதேபோன்ற ஒரு வட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட கார்களுக்கு நடுவே ஒரே ஒரு தானியங்கிக் காரை விட்டார்கள். முன்னால் இடைவெளி கிடைத்தவுடன் பாயாமல் நிதானமாக அது ஓடியது. அந்த ஒரு கார் அலையை அடக்கிவிட்டது.

● புளியங்கொட்டையும் போதும்

1992-ல் ஜெர்மனியைச் சேர்ந்த காய் நாகல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் இருவரும் சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரு கார், அல்லது காலி. விதிகள் நான்கே நான்கு. வேகத்தை ஒன்று கூட்டு, முன்னால் இருக்கும் காலிக் கட்டங்களுக்கு மேல் போகாதபடி குறை, சில சமயம், காரணம் எதுவும் இல்லாமல், ஒன்று குறை, நகர். தரையில் சாக்பீஸால் வட்டமாகக் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை வைத்து, தாயக்கட்டையை உருட்டி இதைப் பிள்ளைகளோடு விளையாடலாம். நிஜச் சாலையில் வருகிற அதே நெரிசல் அலை உங்கள் வீட்டுக் கூடத்திலும் வரும். மூன்றாவது விதியை எடுத்துவிடுங்கள், அந்தத் திடீர் நெரிசல் மறைந்துவிடும். மனிதக் கவனத்தின் தடுமாற்றம் முழுவதும் அந்த ஒரு விதிக்குள் இருக்கிறது.

● நான்கு கேள்வி

இதுவரை சொன்னது சாலையில் வந்துவிட்ட வண்டிகளின் கணக்கு. அவை ஏன் சாலைக்கு வருகின்றன என்பது வேறு கணக்கு. 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ நகர ஆய்வுகளில் டக்ளஸ் கேரல் முதலானோர் அதற்கு ஒரு வரிசையை உண்டாக்கினார்கள். எங்கிருந்து எத்தனை பேர் கிளம்புகிறார்கள்? எங்கே போகிறார்கள்? எதில் போகிறார்கள்? எந்த வழியாகப் போகிறார்கள்? உலகத்துப் பெருநகரத் திட்டங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் இந்த நான்கு படிகளில்தான் ஏறி இறங்குகின்றன.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பயன்பட்டது நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயல். ஊர் பெரிதாக இருந்தால் இழுக்கும். தூரமாக இருந்தால் இழுப்புக் குறையும். அந்த வாய்பாடு ஏன் பலிக்கிறது என்பதற்குப் புள்ளியியல் அடிப்படையில் விளக்கம் தந்தவர் பிரிட்டனின் ஆலன் வில்சன், 1967-ல்.

● 15 அல்ல, 6.3

மூன்றாவது கேள்வி நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் என்ற ரயில் 1970-களின் தொடக்கத்தில் வரவிருந்தது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகாரபூர்வக் கணிப்பு. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன், ரயில் ஓடுவதற்கு முன்பே மக்களிடம் போய் எதில் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு நடை என்று கேட்டுக் கணக்குப் போட்டார். அவருடைய விடை 6.3 சதவீதம். ரயில் ஓடிய பிறகு எண்ணியபோது வந்தது 6.2. 2000-ல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. ஜேம்ஸ் ஹெக்மனோடு பகிர்ந்துகொண்டார்.

இந்த வகை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்றை நம் பஸ் பயணிகள் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடம் மனசுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கிறது. வேகமான பஸ் விடுவதைவிட அடிக்கடி பஸ் விடுவது மேல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

● சிவப்பு பஸ், நீல பஸ்

பாதிப் பேர் காரில், பாதிப் பேர் சிவப்பு பஸ்ஸில் போகிறார்கள். இன்னொரு பஸ்ஸுக்கு நீலப் பெயின்ட் அடித்து விடுகிறோம். வேறு எந்த வித்தியாசமும் இல்லை. இப்படிப்பட்ட தேர்வுகளைக் கணக்கிடும் எளிய வாய்பாடு என்ன சொல்லும்? மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பெயின்ட் அடித்ததால் கார்க்காரர்கள் குறைந்துவிட்டார்கள்! நடக்கிற காரியமா? பஸ்ஸில் வந்தவர்கள்தான் இரண்டாகப் பிரிவார்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான், ஒத்த வாய்ப்புகளை ஒரே கூட்டில் அடைத்து எண்ணும் அடுத்த தலைமுறை மாதிரிகள் பிறந்தன.

● பாலம் கட்டினால் பதினைந்து நிமிடம் தாமதம்

நான்காவது கேள்விக்கு வருவோம். எந்த வழி? 1952-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் வார்ட்ராப் சொன்னார்: ஒவ்வொருவரும் தனக்கு எது சீக்கிரம் என்று பார்த்துப் பார்த்து வழி மாற்றிக்கொண்டே இருந்தால், கடைசியில் ஆள் போகும் வழிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரம்தான் ஆகும். "அந்த வழியாப் போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம்" என்ற மனக்குறைக்கு அப்போது இடமே இல்லை. ஆனால் அதே வார்ட்ராப் இன்னொன்றையும் பிரித்துக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் சிறந்தது வேறு. எல்லோருக்கும் சேர்த்துச் சிறந்தது வேறு.

அந்த இடைவெளி எவ்வளவு விபரீதமாகலாம் என்பதை 1968-ல் ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் காட்டினார். பாடப்புத்தகங்களில் வரும் எண்களோடு சொல்கிறேன், விரலை வைத்துக்கொண்டு படியுங்கள்.

4,000 கார்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும். வழிகள் இரண்டு. ஒன்றில் முதலில் குறுகிய சாலை, பிறகு அகலச் சாலை. மற்றதில் முதலில் அகலச் சாலை, பிறகு குறுகிய சாலை. அகலச் சாலையில் எத்தனை கார் வந்தாலும் 45 நிமிடம். குறுகிய சாலையில் வருகிற கார்களை நூறால் வகுத்தால் நிமிடம். பாதிப் பாதியாகப் பிரிந்தால் குறுகிய சாலையில் 2,000 கார், 20 நிமிடம். ஆக மொத்தம் 65.

இப்போது இரண்டு வழிகளின் நடுப்புள்ளிகளையும் இணைத்து அருமையான ஒரு பாலம் கட்டுகிறோம். கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குறுகிய சாலையில் போய், பாலம் ஏறி, இரண்டாவது குறுகிய சாலையைப் பிடிக்கலாம். 4,000 காரும் வந்தாலும் குறுகிய சாலையில் 40 நிமிடம்தானே, அகலச் சாலையின் 45-ஐ விட அது குறைவாயிற்றே என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். அதனால் எல்லோரும் அதே வழியில் வருவார்கள். 40-ம் 40-ம் 80 நிமிடம்! பழைய வழிக்கே போகலாம் என்று ஒருவர் மட்டும் திரும்பினால் அவருக்கு 85. ஆகையால் யாரும் திரும்ப மாட்டார்கள். பாலம் வந்தது, பதினைந்து நிமிடம் போனது.

1990 ஏப்ரல் 22, புவி தினத்தன்று நியூயார்க்கில் எப்போதும் நெரிசலாக இருக்கும் 42-ஆம் தெருவை மூடினார்கள். நகரமே ஸ்தம்பிக்கும் என்று பயந்தவர்களுக்கு ஆச்சரியம். போக்குவரத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே ஓடியது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003-ல் சோங்கேசோன் ஓடைக்கு மேல் இருந்த உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் ஓடையைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தடத்தில் தினமும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அஞ்சிய பேரிடர் வரவில்லை. பிரேஸ் சொன்னதற்குச் சாட்சியாகப் பலரும் இதைக் காட்டுகிறார்கள். முழுப் புகழையும் அவருக்கே கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. 2004-ல் சியோல் தன் பஸ் வழித்தடங்கள் அத்தனையையும் திருத்தி அமைத்தது. மக்கள் ஏறிக்கொள்ள ஒரு பஸ் தயாராக இருந்தது.

● சில வரிகளில்

அவரவர் இஷ்டத்துக்கு வழி தேர்ந்தெடுப்பதால் ஊருக்கு வரும் நஷ்டத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பயண நேரம் வண்டிகளின் எண்ணிக்கையோடு நேர்கோட்டில் கூடும் சாலைகளில், மொத்தப் பயண நேரம் சிறந்த ஏற்பாட்டில் ஆவதைப்போல் மூன்றில் நான்கு பங்கைத் தாண்டாது. அதாவது அதிகபட்சம் 33 சதவீதம்தான் கூடுதல். 2002-ல் இதை நிரூபித்தவர்கள் டிம் ரஃப்கார்டனும் ஈவா டார்டோஸும்.

உங்கள் போனில் வழி காட்டும் செயலிகளுக்கு அடிப்படையான, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் மனசுக்குள் போட்டார். 1956-ல் தோன்றியது, 1959-ல் அச்சேறியது.

2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 ஸ்மார்ட்போன்களை ஒரு சிவப்புக் கைவண்டியில் போட்டுக் காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் மேப்ஸ் அந்தத் தெருவைச் சிவப்பாகக் காட்டியது.

எறும்புகளுக்கு நெரிசல் வருவதில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பாலத்தில் பத்தில் எட்டுப் பங்கு இடம் நிரம்பிய பிறகும் எறும்புகளின் ஓட்டம் குறையவில்லை.

டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் துணுக்குகளை வைத்து, நடுவே ஒரு சளிப்பூஞ்சையை வளர விட்டார்கள். ஒரே நாளில் அது பின்னிய வலை, அந்தப் பகுதியின் ரயில் பாதை வலையை ஒத்திருந்தது. 2010-ல் சயின்ஸ் இதழில் வந்த செய்தி இது.

● நான்காம் அடுக்கு

பள்ளிக்கூட லீவில் சாலை எவ்வளவு தாராளமாக இருக்கிறது! வண்டி பாதியாகக் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. அமெரிக்கப் பொதுச்சாலைப் பணியகம் 1964-ல் கொடுத்த வாய்பாடு இதை விளக்கும். சாலை தாங்கும் அளவோடு வருகிற வண்டிகளை ஒப்பிட்டு, அந்த விகிதத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15-ஆல் பெருக்கினால் கூடுதலாகும் நேரத்தின் பங்கு வரும். தாங்கும் அளவுக்கே வண்டி வந்தால் பயண நேரம் 15 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு வந்தாலோ நேரம் 3.4 மடங்கு! கடைசியாக வந்து சேரும் கொஞ்ச வண்டிகள்தான் பெரும்பாலான துன்பத்தைக் கொண்டுவருகின்றன. அவை விலகினால் துன்பமும் விலகுகிறது.

அந்தக் கொஞ்ச வண்டிகளை விலக்குவது எப்படி? 1975 ஜூனில் சிங்கப்பூர், நகர மையத்துக்குள் காலையில் காரோடு வருகிறவர் மூன்று வெள்ளி கட்ட வேண்டும் என்றது. நான்கு பேர் சேர்ந்து வந்தால் இலவசம். 1998 முதல் சாலைக்கு மேலே மின்னணு வளைவு நின்று கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. விரைவுச் சாலையில் 45 முதல் 65, மற்றப் பெரிய சாலைகளில் 20 முதல் 30 கி.மீ. வேகம் இருக்கும்படி அந்தக் கட்டணத்தை ஏற்றி இறக்குகிறார்கள். கிரீன்ஷீல்ட்ஸின் உச்சத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பறக்கவிட அல்ல, ஓடவிடத்தான் இந்த ஏற்பாடு. ஸ்டாக்ஹோம் 2006-ல் ஏழு மாதம் சோதனையாகக் கட்டணம் விதித்தது. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முதலில் எதிர்த்த மக்களே பிறகு வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள்.

இந்த யோசனைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய வில்லியம் விக்ரே, 1996-ல் நோபல் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் காலமானார்.

● வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்

அரை மணி நேரம் பஸ்ஸே வராது. வந்தால் ஒரே நம்பரில் மூன்று வரிசையாக வரும். டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதில்லை. 1964-ல் நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்காக்கினார்கள். முதல் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் தாமதப்படுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற, கண்டக்டர் விசில் கொடுக்க இன்னும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை. நிற்காமல் வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடுகிறது. தாமதம் தாமதத்தை வளர்க்கிறது. கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால் பஸ்கள் சேர்ந்துவிடுவதுதான் இயல்பு.

இதில் பயணிக்கு வரும் நஷ்டம் கணக்கேட்டில் தெரியாது. மணிக்கு ஆறு பஸ், பத்து நிமிடத்துக்கு ஒன்று. சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 18 நிமிட இடைவெளி, 2 நிமிட இடைவெளி என்று மாறி மாறி வந்தால்? பஸ் அதே ஆறுதான். நாம் நிறுத்தத்துக்கு வரும் நேரம் பெரும்பாலும் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் விழும். சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடமாகிவிடும். "ஆறு பஸ் விட்டோம்" என்று டிப்போ சொல்வதும் உண்மை, "பஸ்ஸே இல்லை" என்று நாம் சொல்வதும் உண்மை.

பஸ் நிலையத்தில் நோட்டும் விசிலுமாக நிற்கும் டைம் கீப்பரின் வேலை எவ்வளவு பெரியது என்று இப்போது புரியும். மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் 2000 வாக்கில் அட்டவணையே இருக்கவில்லை. வழியில் நிற்கும் ஆட்கள், முந்தைய பஸ் எத்தனை மணிக்குப் போனது என்று குறித்து வைத்து டிரைவர்களுக்குச் சொன்னார்கள், டிரைவர்கள் அதற்குக் காசு கொடுத்தார்கள். அந்த ஊர் பஸ்களின் இடைவெளிகளை அளந்த இரண்டு செக் இயற்பியலாளர்கள், அவை அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களை விவரிக்கப் பயன்படும் அதே கணித விதிக் குடும்பத்துக்குக் கட்டுப்படுவதை 2000-ல் எழுதினார்கள்.

● ஒரு மாட்டுவண்டி எத்தனை கார்?

மேலே சொன்ன மாதிரிகளில் பெரும்பாலானவை தடம் மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கார்களுக்காகப் பிறந்தவை. நம் சாலையில் எல்லாம் கலந்து போகும். அதனால் இந்திய சாலைக் காங்கிரஸ் எல்லா வண்டியையும் கார்க் கணக்குக்கு மாற்ற ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 1990-ல் வந்த நகரச் சாலைக் கையேட்டின்படி கார் 1. டூவீலர் அரை முதல் முக்கால். ஆட்டோ 1.2 முதல் 2. பஸ், லாரி 2.2 முதல் 3.7. கிராமப்புறச் சாலைகளுக்கான கையேட்டில் மாட்டுவண்டி 8.

சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருக்கும் மறைமலை அடிகள் பாலத்துச் சாலையை ஆய்வாளர்கள் வீடியோ எடுத்து, மூவாயிரம் வண்டிகள் அரை விநாடிக்கு ஒருமுறை எங்கே இருந்தன என்று ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்கள். 2015-ல் வெளிவந்த அந்தத் தரவை, கலப்புப் போக்குவரத்தைப் படிக்கிற உலக ஆய்வாளர்கள் பலர் இன்று எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். வண்டிகள் அதில் கோடு பிடித்துப் போகவில்லை. டூவீலர்கள் கூழாங்கல் இடுக்கில் இறங்கும் தண்ணீர்போல இடைவெளி தேடி முன்னேறுகின்றன. ஒரு வண்டி, முன்னால் போகும் ஒன்றை மட்டும் பார்த்து ஓடவில்லை. பக்கத்தில் உரசிக்கொண்டு வருகிறவரையும் பார்த்தே ஓடுகிறது. நமக்கு நம் சாலையிலிருந்தே பிறந்த கணக்கு வேண்டும் என்பதற்கு அந்தப் பாலம் போதும்.

கல்லூரி நாட்களில் விடுமுறைச் சம்பளத்துக்காக நானும் ஒரு சந்திப்பில் நின்று வண்டி எண்ணியிருக்கிறேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. பஸ் ஒன்று வந்தால் அதன் மறைவில் போகும் டூவீலர்களை எட்டிப் பார்த்து எண்ணுவதற்குள் அடுத்த சிக்னல் விழுந்துவிடும். காய்கறிக் கூடையோடு கைகாட்டி, கைகாட்டிச் சாலையைக் கடந்த பெண்களை நான் எண்ணவில்லை. தாளில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

அந்த அட்டவணையை மறுபடி பாருங்கள். ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ் 3.7 வரை, ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரும் கார் 1. நடப்பவர்களுக்கு வேறு வழிகாட்டி நூல் இருக்கிறது; இந்த அட்டவணையில் அவர்களுக்கு இடம் இல்லை. வண்டியை எண்ணினால் வண்டிக்குத்தான் சாலை கிடைக்கும். மனிதரை எண்ணினால்தான் நடைபாதையும் பஸ் தடமும் கிடைக்கும்.

என்றைக்காவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "நேற்று உங்க வீட்டுல யார் யார், எங்கெங்கே, எதுல போனீங்க?" என்று போக்குவரத்துக் கணக்கெடுப்புக்காரர் கேட்டால், வேலையாக இருக்கிறேன் என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த நான்கு கேள்வியும் தொடங்கும் இடம் உங்கள் வாசல்தான். ஆபீஸுக்கு பைக்கில் போனதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பாட்டி ரேஷன் கடைக்கு நடந்து போய் வந்ததையும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்ததையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.